மருந்து ஒவ்வாமையும் தோலின் மாறுதல்களும்

நோயைத் தீர்ப்பதற்கென்று உட்கொள்ளும் மருந்தே ஒரு சிலருக்கு நோயாக மாறிவிடுவதுண்டு. ஆயிரம் பேர் யாதொரு தீங்குமின்றி உண்ணும் அதே மாத்திரை, ஆயிரத்தோராவது மனிதருக்கு மட்டும் பெருங்கேட்டை விளைவிக்கிறது. இதனை மருந்து ஒவ்வாமை என்பர். கத்தரிக்காய் உண்டால் சிலருக்கு அரிப்பு எடுப்பதும், கருவாடு உண்டால் சிலருக்குத் தடிப்பு எழும்புவதும் நாம் அறிந்ததே. அவை பெரும்பாலும் சிறு தொல்லைகள். மருந்து ஒவ்வாமையிலும் பெரும்பகுதி அத்தகையதே. ஆயினும் அதன் கடுமையான வகையில் உடலின் மேல்தோல் முழுதும் வெந்தது போல் உரிந்து, உயிருக்கே அபாயம் நேர்கிறது.

சாலை, குடிநீர், விதை, உரம் ஆகியவற்றைக் குறித்துப் பெரிதும் பேசும் இவ்விதழில் தோல் நோயைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் வினவக்கூடும். காரணம் இதுதான்: இந்நோயில் உயிர் பிழைப்பதும் பிழையாததும் முதல் மூன்று நான்கு நாட்களைப் பொறுத்துள்ளன. அந்த நாட்கள் மருத்துவமனையில் கழிவதில்லை. வீட்டுத் திண்ணையில் கழிகின்றன. மாத்திரையை நிறுத்துவதா, தொடர்வதா, யாரிடம் காட்டுவது என்பதை அப்பொழுது முடிவு செய்பவர் மருத்துவர் அல்லர். வீட்டுப் பெரியவரும், அண்டை வீட்டாரும், ஊர்ப் பஞ்சாயத்து உறுப்பினருமே ஆவர். ஆகவே இதன் அடிப்படையை அவர்கள் அறிந்திருத்தல் நலம்.

தோலின் அமைப்பு

வளர்ந்த ஒருவரின் தோலை விரித்து அளந்தால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரை இருக்கும். ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள ஒரு கோரைப்பாயின் பரப்பு என்று கொள்ளலாம். உடல் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தோலின் எடையே.

நிலத்தில் மேல்மண், அடிமண் என இரு படிவங்கள் இருப்பது போல, தோலிலும் மேல்தோல், அடித்தோல் என இரு படிவங்கள் உள்ளன. மேல்தோல் உடலின் பல பகுதிகளில் ஒரு தாளின் பருமனே உடையது. அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. இதில் இரத்தக் குழாய்கள் கிடையா. செங்கற்களை அடுக்கியது போல் உயிரணுக்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. அடி வரிசையில் உள்ள அணுக்கள் ஓயாது பெருகுகின்றன. புதிய அணுக்கள் பழையவற்றை மேலே தள்ளுகின்றன. மேலே வரவரத் தட்டையாகி, இறுதியில் உயிரற்ற செதில்களாக மாறி உதிர்கின்றன. அடியிலிருந்து மேல்மட்டம் வந்து உதிர்வதற்குச் சற்றேறக்குறைய நான்கு வாரங்கள் ஆகின்றன.

இதற்குக் கீழே உள்ள அடித்தோல் பருமனானது. இரத்தக் குழாய்கள், நரம்புகள், வியர்வைச் சுரப்பிகள், மயிர்க்கால்கள் யாவும் இங்கேயே வேரூன்றியுள்ளன. மேல்தோலுக்கு உணவு தருவது அடித்தோலே. இரண்டையும் பசை போல் இணைத்து நிற்பது ஒரு மெல்லிய அடிச்சவ்வு. இந்த இணைப்பு அற்றுப்போவதே நாம் இங்குக் கூறவரும் கொடிய நோயின் மையமாகும்.

மேல்மண் நீங்கிய வயலில் ஈரம் நில்லாது. களையும் கிருமியும் எளிதில் புகும். மேல்தோல் நீங்கிய உடலின் நிலையும் அவ்வாறே. உடலின் நீர் கசிந்து வெளியேறும், உடற்சூடு தணிந்துபோகும், நோய்க்கிருமிகள் தடையின்றி உட்புகும்.

உடனே தோன்றும் ஒவ்வாமை

மருந்து ஒவ்வாமையை, விரைந்து வருவது, தாமதித்து வருவது என இரண்டாகப் பிரித்துப் பயில்வது எளிது.

விரைந்து வருவது, மருந்து உட்கொண்ட சில நிமிடங்களிலோ, பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள்ளோ தோன்றும். பெனிசிலின் ஊசிக்குப் பின் சிலருக்கு நேர்வது இவ்வகையே. அடித்தோலில் மாஸ்ட் அணுக்கள் என்னும் ஒருவகை அணுக்கள் உள்ளன. இவற்றினுள் ஹிஸ்டமின் என்னும் பொருள் சிறு சிறு பொதிகளாக நிறைந்திருக்கும். ஒவ்வாத மருந்து உட்புகுந்ததும் இப்பொதிகள் உடைகின்றன. ஹிஸ்டமின் பரவியதும் இரத்தக் குழாய்கள் விரிந்து, அவற்றின் சுவரில் நெகிழ்ச்சி ஏற்பட்டு, நீர் அடித்தோலுக்குள் ஊறுகிறது. அதுவே நம் ஊர்களில் காணாக்கடி எனப்படும் தடிப்பு. இங்கே தோலின் அணுக்கள் சாவதில்லை. நீர் வற்றியதும் தோல் பழைய நிலையை அடைந்துவிடும்.

ஆனால் இதே நீர்ப்பெருக்கு உதட்டிலும் நாவிலும் தொண்டையிலும் உண்டானால் மூச்சு அடைபடும். உடலெங்கும் இரத்தக் குழாய்கள் விரிந்தால் இரத்த அழுத்தம் வீழ்ந்து மயக்கம் வரும். இது நிமிடக் கணக்கில் உயிரைப் பறிக்கக்கூடியது. தொடையில் போடப்படும் அட்ரினலின் ஊசியே இதற்கு முதல் மருந்து. ஆதலின் ஊசி போட்டுக்கொண்டவர் உடனே வீடு திரும்பாமல், மருத்துவ நிலையத்திலேயே அரைமணி நேரமாவது அமர்ந்திருப்பது நன்று.

தாமதித்துத் தோன்றும் ஒவ்வாமை

இவ்வகையில் மருந்து தொடங்கிய பல நாட்களுக்குப் பின்னரே நோய் தலைகாட்டும். பெரும்பாலோருக்கு உடம்பில் செந்நிறப் புள்ளிகள் தோன்றி, மருந்தை நிறுத்தியதும் சில நாட்களில் மறைந்துபோகும். மிகச் சிலருக்கே அது தோல் உரியும் நோயாக முற்றுகிறது.

1922-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்னும் இரு மருத்துவர்கள், இரு சிறுவர்களிடம் கண்ட ஒரு புதுமையான நோயை விவரித்தனர். காய்ச்சலும், வாய்ப்புண்ணும், கண்ணில் கடும் அழற்சியும், உடலெங்கும் கொப்புளமும் அவர்களுக்கு இருந்தன. அவ்விருவர் பெயரால் இது ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய் எனப்படுகிறது. 1956-இல் ஸ்காட்லாந்து நாட்டின் அபர்டீன் நகரைச் சேர்ந்த ஆலன் லயல் என்னும் தோல் மருத்துவர், கொதிநீர் பட்டது போல் தோல் உரிந்த நான்கு நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதற்கு நச்சு மேல்தோல் அழிவு என்னும் பொருள்பட அவர் பெயரிட்டார்.

இவ்விரண்டும் ஒரே நோயின் இரு படிகள் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1993 முதல் மருத்துவர்கள் இதனை உரிந்த பரப்பைக் கொண்டு பிரிக்கின்றனர். உடற்பரப்பில் 10 விழுக்காட்டிற்குக் குறைவாகத் தோல் கழன்றிருப்பின் ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய். 30 விழுக்காட்டிற்கு மேற்பட்டால் நச்சு மேல்தோல் அழிவு. இடைப்பட்டது இரண்டும் கலந்த நிலை. பரப்பை அளக்க ஓர் எளிய வழியுண்டு. நோயாளியின் உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, அவர் உடற்பரப்பில் ஏறத்தாழ 1 விழுக்காடு ஆகும்.

இந்நோய் அரிது. பத்து லட்சம் மக்களில் ஓராண்டில் ஒரு சிலருக்கே வருகிறது. ஆனால் வந்தவர்க்கு அது அரிது என்பதால் ஆறுதல் இல்லை. முதற்படியிலேயே ஏறத்தாழ நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேர் இறக்கின்றனர். முற்றிய படியிலோ மூவரில் ஒருவர் என்னும் அளவுக்கு மரணம் நேர்கிறது.

திசுவில் நிகழ்வது என்ன?

நோயாளியின் தோலில் ஒரு சிறு துண்டை எடுத்து மெல்லிய சீவல்களாக்கி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பது திசுச் சோதனை. அதில் காணப்படுபவை படிப்படியான மாறுதல்களாகும்.

முதற்படியில் மேல்தோலின் அடி வரிசையில் ஆங்காங்கே ஓரிரு அணுக்கள் மட்டும் சுருங்கிச் செந்நிறமேறிச் செத்துக் கிடக்கும். அவற்றைச் சுற்றிச் சிறு வெற்றிடங்கள் தோன்றும். நாற்றங்காலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாற்று கருகுவதை ஒத்தது இது. இந்த நிலையில் வெளியே செந்நிறப் படை மட்டுமே தெரியும்.

இரண்டாம் படியில் இறந்த அணுக்கள் பெருகி ஒன்றோடொன்று சேர்கின்றன. அடி வரிசை அழிவதால் மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் இடையேயுள்ள பிணைப்பு அறுகிறது. அந்த இடைவெளியில் நீர் தேங்கிக் கொப்புளமாகிறது.

மூன்றாம் படியில் மேல்தோல் முழுப் பருமனும் இறந்துபடுகிறது. இறந்த மேல்தோல் ஈரத்துணி போல் மடிந்து கழன்று, செந்நிற அடித்தோல் வெளிப்படுகிறது. விரலால் தோலை இலேசாகத் தேய்த்தாலே அது நழுவும். இதனை மருத்துவர் ஓர் அடையாளமாகக் கொள்வர். வீட்டார் தேய்த்துப் பார்த்தல் கூடாது.

இங்கு வியப்புக்குரியது ஒன்றுண்டு. மேல்தோல் இவ்வளவு அழிந்திருந்தும், அடித்தோலில் அழற்சி அணுக்கள் மிகச் சிலவே காணப்படும். சிறு படை கொண்டு பெரிய கோட்டையை வீழ்த்தியது எங்ஙனம் என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 2008-இல் தைவான் நாட்டு அறிஞர்கள் கொப்புள நீரைச் சோதித்து இப்புதிரைப் பெரிதும் விடுவித்தனர். உடலின் காவற்படையைச் சேர்ந்த டி அணுக்களும் அவற்றின் இனத்தவையும் கிரானுலைசின் என்னும் புரதத்தை மிகுதியாகச் சுரக்கின்றன. அது நீரோடு பரவித் தொலைவிலுள்ள மேல்தோல் அணுக்களையும் கொல்கிறது. காவலர் சிலரே ஆயினும், அவர்கள் கலந்த நஞ்சு வாய்க்கால் வழியே வயல் முழுதும் பாய்ந்ததற்கு ஒப்பாகும்.

திசுச் சோதனைக்கு மற்றொரு பயனும் உண்டு. குழந்தைகளுக்கு ஒருவகைக் கிருமியினாலும் தோல் உரிவதுண்டு. ஆனால் அதில் மேல்தோலின் மேலடுக்கு மட்டுமே பிளந்து கழலும். அடி வரிசை உயிரோடு இருக்கும். அதற்குக் கிருமிக் கொல்லி மருந்து தரவேண்டும். மருந்தால் வந்த நோய்க்கோ மருந்தை நிறுத்தவேண்டும். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பினும், பிளவு எந்த மட்டத்தில் உள்ளது என்பதே சிகிச்சையை மாற்றிவிடுகிறது.

சிலருக்கு மட்டும் ஏன்?

நம் உடலின் ஒவ்வோர் அணுவும் தன்னிடம் உள்ள பொருள்களின் மாதிரியைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டிக்கொண்டே இருக்கிறது. டி அணுக்கள் அவற்றைப் பார்வையிட்டு, நம்மவை எவை, அயலவை எவை என்று தீர்மானிக்கின்றன. மாதிரியை ஏந்தும் தட்டுகளுக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். தட்டுகளின் வடிவம் குடும்பத்திற்குக் குடும்பம், மக்களினத்திற்கு மக்களினம் வேறுபடும்; பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும். குறிப்பிட்ட சில வடிவங்களில் குறிப்பிட்ட மருந்து கச்சிதமாகப் பொருந்திக்கொள்கிறது. அப்பொழுது டி அணு, நம் தோலையே அயலவன் என்று மயங்கித் தாக்கத் தொடங்குகிறது.

2004-இல் தைவான் அறிஞர்கள் இதனை நிறுவினர். வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமசெபின் என்னும் மருந்தால் ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோயுற்ற 44 பேரைச் சோதித்தனர். 44 பேரிடமும் பி 1502 என்னும் தட்டு வடிவம் இருந்தது. அதே மருந்தை உண்டும் நலமாயிருந்த 101 பேரில் மூவரிடம் மட்டுமே அது இருந்தது. 2005-இல், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபுரினால் மருந்தையும் இவ்வாறே ஆராய்ந்தனர். கடும் ஒவ்வாமையுற்ற 51 பேரிடமும் பி 5801 என்னும் வடிவம் காணப்பட்டது. மருந்தைத் தாங்கிய 135 பேரில் 20 பேரிடமே அது இருந்தது.

அறிந்ததோடு அவர்கள் நிற்கவில்லை. 23 மருத்துவமனைகள் சேர்ந்து, கார்பமசெபின் தேவைப்பட்ட 4877 பேருக்கு முன்கூட்டியே இரத்தச் சோதனை செய்தன. பி 1502 வடிவம் உடைய 372 பேருக்கு வேறு மருந்து தரப்பட்டது. 2011-இல் வெளியான முடிவின்படி, சோதிக்கப்பட்டவருள் ஒருவருக்குக்கூட இந்நோய் வரவில்லை. பழைய கணக்கின்படி ஏறத்தாழ பத்துப் பேருக்கு வந்திருக்கவேண்டும். இத்தகைய சோதனையை ஆசிய வழியினருக்குச் செய்யுமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2007-லேயே அறிவுறுத்தியது. நம் நாட்டிலும் 2009-இல் வெளியான ஆய்வொன்றில், கார்பமசெபினால் இந்நோயுற்ற எட்டுப் பேரில் ஆறு பேரிடம் பி 1502 காணப்பட்டது. சிறிய ஆய்வே ஆயினும், இது சீன வழியினரை மட்டும் சார்ந்த விஷயம் அன்று என்பதை அது காட்டுகிறது.

அம்மை என்று மயங்குதல்

சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரச் சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்ததைக் கூறுவோம். நாற்பது வயதைக் கடந்த உழவர் ஒருவர், கால் பெருவிரல் மூட்டு வீக்கத்திற்காக, மருத்துவரின் சீட்டு இன்றியே அல்லோபுரினால் மாத்திரையை வாங்கி உண்டு வந்தார். மூன்றாம் வாரத்தில் காய்ச்சல் கண்டது. கண்கள் சிவந்தன. வாயில் புண் கண்டு நீர் அருந்தவும் இயலவில்லை. மார்பில் கொப்புளங்கள் எழுந்தன. வீட்டார் அம்மை என்று எண்ணி வாசலில் வேப்பிலை கட்டினர். வெளியார் வருவதைத் தடுத்தனர். காய்ச்சலுக்கு மருந்து தருவது தகாது என்று விட்டனர். ஆனால் மூட்டு வலி மாத்திரை நாள்தோறும் தருவதாயிற்றே என்று அதை மட்டும் தவறாமல் கொடுத்து வந்தனர்.

நான்காம் நாள் கிராம சுகாதாரச் செவிலியர் வேறொரு பணியாக அத்தெருவிற்கு வந்தார். உதடுகள் இரத்தம் கட்டிக் கறுத்திருப்பதையும், முதுகுத் தோல் பாயோடு ஒட்டி வருவதையும் கண்டு, என்ன மாத்திரை உண்டார் என்று வினவினார். மாடத்தில் வைத்திருந்த மாத்திரை அட்டையை மனைவி எடுத்துத் தந்தார். அன்றே 108 வண்டியில் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். ஐந்து வாரங்களுக்குப் பின் உழவர் உயிரோடு திரும்பினார். ஆனால் கண்ணீர்ச் சுரப்பு வற்றிப்போனதால் அவரால் வெயிலில் நிற்க இயலவில்லை. காலையும் மாலையும் மட்டுமே வயலுக்குச் செல்கிறார். பின்னர் அவ்வூருக்கு நாம் சென்றிருந்தபோது, “நல்லதுக்குத்தானே ஐயா மாத்திரையைக் கொடுத்தோம்” என்று அந்த அம்மையார் கூறினார். அவ்வாறு கூறுவதைத் தவிர அவரால் வேறென்ன கூற இயலும்? அவருக்கு எவரும் எதையும் சொல்லிவைக்கவில்லை.

பெரியம்மை உலகினின்றும் ஒழிந்துவிட்டதாக 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இன்று நம்மிடையே காண்பது சின்னம்மையே. சின்னம்மையில் முத்து முத்தாகத் தனித்தனிக் கொப்புளங்கள் அலையலையாக எழும்; அரிப்பு மிகும்; கொப்புளங்களுக்கு இடையே உள்ள தோல் நன்றாயிருக்கும். மருந்தால் வரும் நோயிலோ அரிப்பைவிட எரிச்சலும் வலியும் மிகும். கண், வாய், பிறப்புறுப்பு ஆகிய இடங்கள் புண்ணாகும். தோல் தகடு தகடாகக் கழலும். எல்லாவற்றிற்கும் மேலாக, கடந்த இரண்டு மாதங்களுக்குள் புதிய மருந்து ஏதேனும் தொடங்கப்பட்டிருக்கும். வேறுபாடு ஐயத்திற்கு இடமாக இருப்பின், அதனைத் தீர்ப்பது மருத்துவரின் பொறுப்பு. ஐயத்தோடு வீட்டிலிருப்பதே தவறு.

கவனத்திற்குரிய மருந்துகள்

இந்நோயை மிகுதியும் விளைவிப்பவை சில வகை மருந்துகளே. அவை: வலிப்பு நோய்க்கான கார்பமசெபின், பெனிட்டோயின், பெனோபார்பிட்டால், லமோட்ரிஜின், யூரிக் அமிலத்திற்கான அல்லோபுரினால், கோட்ரைமாக்சசோல் முதலிய சல்ஃபா மருந்துகள், எச்.ஐ.வி. நோய்க்கான நெவிரபின்; வலி மருந்துகளில் பிராக்சிகாம், மெலாக்சிகாம் போன்றவை. பெரும்பாலும் மருந்து தொடங்கிய நான்காம் நாளிலிருந்து நான்கு வாரங்களுக்குள் நோய் தோன்றும். சிலவற்றில் எட்டு வாரங்கள் வரையும் ஆகலாம். பல ஆண்டுகளாக யாதொரு தீங்குமின்றி உண்டு வரும் மாத்திரை இதற்குக் காரணமாவது மிக அரிது.

இப்பட்டியலைப் படித்துவிட்டு எவரும் அச்சத்தால் மருந்தை நிறுத்திவிடலாகாது. இவை யாவும் பல லட்சம் மக்களுக்கு நலம் செய்யும் மருந்துகள். வலிப்பு மருந்தைக் காரணமின்றித் திடீரென நிறுத்தினால், வலிப்பு மிகுந்து உயிர் போகவும் கூடும். நாம் கூறுவது, எச்சரிக்கை அறிகுறி தோன்றியபோது தயங்கலாகாது என்பதே.

சிகிச்சை

முதற் சிகிச்சை, காரணமான மருந்தை நிறுத்துதல். 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, உடலிலிருந்து விரைவில் வெளியேறும் மருந்துகளைப் பொறுத்தவரை, ஒவ்வொரு நாள் முன்னதாக நிறுத்துவதும் மரண வாய்ப்பை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைக்கிறது என்று கண்டது. செலவில்லாத இச்சிகிச்சைக்கு நிகரானது வேறில்லை.

அதன்பின் தீக்காயத்திற்குச் செய்வது போன்ற பராமரிப்பு தேவை. இழந்த நீரை ஈடுசெய்தல், வெதுவெதுப்பான அறை, கிருமி புகாத கட்டு, மூக்குக்குழாய் வழியே உணவு, கண் மருத்துவரின் அன்றாடக் கவனிப்பு ஆகியவை இன்றியமையாதவை. கண்ணைக் கவனியாவிடில் இமையும் விழியும் ஒட்டிப் பார்வை கெடும். டி அணுக்களின் தாக்குதலை அடக்கும் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளையும் தருகின்றனர். 2024-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிலைய அறிஞர்களும் பிற நாட்டவரும் சேர்ந்து, பாதிக்கப்பட்ட தோல் அணுக்களின் புரதங்களை அளந்து, ஜாக் தடுப்பு மருந்துகள் என்பவை இதில் பயன்படக்கூடும் என்று கண்டனர். அம்மருந்து பெற்ற ஏழு நோயாளிகளும் தேறினர். பெரிய அளவில் சோதித்த பின்னரே இது உறுதிப்படும் எனினும், நம்பிக்கை தரும் செய்தியே.

மயிர்க்கால்களிலும் வியர்வைச் சுரப்பிகளிலும் மேல்தோல் அணுக்கள் எஞ்சியிருப்பதால், அங்கிருந்து புதுத்தோல் தழைத்துப் பரவும். கிருமி புகாமல் காத்தால், பெரும்பாலும் மூன்று வாரங்களுக்குள் புதுத்தோல் மூடிவிடும். வேர் இருக்கும் வரையில் பயிர் துளிர்க்கும் என்பது இங்கும் பொருந்தும்.

ஊரார் செய்யத்தக்கவை

1. புதிய மருந்து தொடங்கிய நாளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். மாத்திரை அட்டையையும் கடைச் சீட்டையும் இரண்டு மாதங்களேனும் எறியாது வைத்திருக்கவேண்டும். அட்டையைக் கத்தரித்து உதிரியாகத் தரும் கடைக்காரரிடம், மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதித் தருமாறு கேட்டுப் பெறுதல் நம் உரிமை.

2. மருந்துச் சட்டத்தின் எச் அட்டவணையில் அடங்கிய மருந்துகளைப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டின்றி விற்றலாகாது. பெயர் அறியாத மாத்திரைப் பொட்டலங்களை எவரிடமிருந்தும் வாங்கி உண்ணலாகாது.

3. புதிய மருந்து உண்பவருக்குக் காய்ச்சல், கண் சிவப்பு, வாய்ப்புண், எரிச்சலுடன் கூடிய செம்படை, கொப்புளம் ஆகியவற்றில் இரண்டொன்று சேர்ந்து தோன்றினால், புதிய மருந்தை அப்பொழுதே நிறுத்தி, அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். வலிப்பு மருந்தாயின், மாற்று மருந்து உடனே தேவைப்படும் என்பதால், சிறிதும் காலம் தாழ்த்தலாகாது. மூச்சுத் திணறல், முக வீக்கம், மயக்கம் ஆகியவற்றிற்கு 108-ஐ அழைக்கவேண்டும்.

4. கொப்புளங்களைக் குத்தி உடைத்தலும், உரிந்த தோலைப் பிய்த்தலும், பச்சிலை, மஞ்சள், எண்ணெய் முதலியவற்றைப் பூசுதலும் கூடாது. துவைத்து உலர்த்திய மெல்லிய துணியால் போர்த்தி, வாழையிலையிலோ தூய விரிப்பிலோ படுக்கவைத்துக் கொண்டு செல்லலாம்.

5. ஒருமுறை ஒவ்வாமை வந்தவர், அம்மருந்தை வாழ்நாள் முழுதும் விலக்கவேண்டும். மருந்தின் பெயரை ஓர் அட்டையில் எழுதிச் சட்டைப்பையிலோ சுருக்குப்பையிலோ வைத்திருந்து, எந்த மருத்துவரிடமும் முதலில் அதைக் காட்டவேண்டும். கார்பமசெபின், பெனிட்டோயின், பெனோபார்பிட்டால் ஆகியவை ஓரினத்தவை ஆதலின், ஒன்று ஒவ்வாதவருக்கு மற்றவையும் ஒவ்வாதிருக்கக்கூடும். உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் இச்செய்தியைத் தம் மருத்துவரிடம் கூறுதல் நன்று.

6. இந்திய மருந்து விழிப்புக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் நடைபெற்று வருகிறது. மருந்தால் நேர்ந்த தீங்கை 1800-180-3024 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் மருத்துவர் மட்டுமன்றி, நோயாளியும் அவர் குடும்பத்தாரும் தெரிவிக்கலாம். ஒருவர் தெரிவிக்கும் செய்தி, எங்கோ உள்ள மற்றொருவரின் உயிரைக் காக்க உதவும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இவ்வறிகுறிகளைப் பெரிய எழுத்தில் எழுதுவித்து, துணை சுகாதார நிலையத்திலும், நியாயவிலைக் கடையிலும், பால் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒட்டலாம். கிராம சபை கூடும் நாளில் கிராம சுகாதாரச் செவிலியரைக் கொண்டு பத்து நிமிடம் விளக்கச் செய்யலாம். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டுவதில்லை, அரசாணையும் வேண்டுவதில்லை.

பயிரில் புள்ளி கண்டால், நேற்று எந்த மருந்தை அடித்தோம் என்று முதலில் எண்ணிப் பார்ப்பவர் உழவர். மனித உடலில் புள்ளி கண்டாலும் அக்கேள்வியையே முதலில் கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் வேரூன்றுமாயின், காப்பாற்றக்கூடிய உயிர் ஒன்றும் நம் கையைவிட்டு நழுவாது.